காற்று டப்பாவில் சுறா எண்ணெய்

என் அம்மா என் புகுந்த வீட்டுப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. ராயபுரம் கடற்கரைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் பெரிய தூரம் ஒன்றுமில்லை. தலையில் மீன் கூடையோடு அவள் தினமும் அதைவிட அதிகமாகவே நடந்தாள். ஆனாலும் வரவில்லை, வரவிடவில்லை. காரணம் கேட்டால் எங்கள் ஜனங்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள், சிலர் என் ஜாதகத்தையும் இழுப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். என் அண்ணனுடைய காரில், என்ஜின் மேல் சட்டி கவிழ்த்த மாதிரி ஒரு தகர டப்பா இருந்தது. அவன் அதில் ஜன்னல் வெட்டினான். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், கேட்டு முடித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கல்மண்டபத்துக்குக் கிழக்கே, மணலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. நான் சிறுமியாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கூடையைத் தூக்கினாள். காலையில் கரை ஏறும் கட்டுமரங்களில் மீன் எடுத்து, கொஞ்சம் மார்க்கெட்டில், மீதி வீடுவீடாக. ஓய்ந்த நேரத்தில் சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துப் படகுக்காரர்களுக்குக் கொடுப்பாள். பலகையில் பூசினால் உப்புத் தண்ணீர் இறங்காது. அந்தக் கூடையும் அந்த எண்ணெயும்தான் என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படிக்க வைத்தன. எட்டாவது படித்ததால்தான் வண்ணாரப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் முதலில் சொன்னது, கூடையை இறக்கிவைக்க வேண்டும் என்பது. நியாயம் எங்கள் பக்கம் வரும்போது இப்படித்தான் தலைகீழாக வரும்.

அவர்களும் எங்கள் ஜனம்தான், வேறு யாரோ இல்லை. தாத்தா காலத்தில் கடலை விட்டவர்கள். மாமனார் ஹார்பரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சை எல்லாம் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு வெற்றிலை மட்டும் போடுகிறவர். மாப்பிள்ளைக்கும் ஹார்பரில்தான் உத்தியோகம், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்குப் பார்க்கும் வேலை. மாமியார்தான் அந்த வீட்டின் கப்பல், சுக்கான் எல்லாம். "எங்க வூட்ல கருவாடுகூட சுடறதில்ல" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே பெருமையாகச் சொன்னாள். பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொன்னாள்.

"பொண்ணு எங்களுக்குப் புட்ச்சிகீது. ஆனா சம்மந்தி, நீங்க இந்த யாபாரத்த வுட்டுடணும். நாலு பேரு வந்து போற வூடு. நாளைக்கி நீங்க கூடையோட வந்து வாசல்ல நின்னா எங்களுக்கு எப்டி இருக்கும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "வுட்டுடறேன் சம்மந்தியம்மா. வெறுங்கையோட வந்து போலாமில்ல? எனக்கு இருக்கிறது இந்த ஒரு பொண்ணு."

"அத்த அப்பால பாக்கலாம். கல்யாணம் ஒயுங்கா நடக்கட்டும். மாப்ள அழைப்புக்கு ஜட்கா கிட்கா வோணாம், காரு வெக்கணும். உங்க மரியாதி எப்டி கீதுன்னு நாலு பேரு பாக்கட்டும்."

அம்மாவின் காதில் மற்றது எதுவும் ஏறவில்லை. வந்து போகலாமா கூடாதா என்ற ஒன்றுதான் அவளுக்குக் கல்யாணம். நகை, புடவை, சத்திரம், சாப்பாடு எல்லாவற்றையும் அவள் அதற்காகத்தான் செய்தாள். மகள் வீட்டுக்குப் போய், பாயில் உட்கார்ந்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கூடையை அன்றைக்கே இறக்கினாள். அப்புறம் ஆரம்பித்தது கை கழுவல். புளி போட்டுத் தேய்ப்பாள், எலுமிச்சைத் தோலால் தேய்ப்பாள், சாம்பல், சீயக்காய், மஞ்சள் எதையும் விடவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. தேய்த்து முடித்ததும் கையை என் மூக்கருகே கொண்டுவருவாள். "பாருடி கண்ணு, இன்னும் கீதா?"

எனக்குப் புளி வாசனைதான் வந்தது. அதற்கு முன்னாலும் அவள் கையில் எனக்கு எந்த நாற்றமும் வந்ததில்லை. பிறந்த நாளிலிருந்து அந்தக் காற்றிலேயே இருந்த மூக்கு எனக்கு. குப்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். இது நினைவிருக்கட்டும்.

அண்ணனுக்கு அம்மாவின் கையைப் பற்றிக் கவலை இல்லை. அவன் கவலை பாலம். யுத்தத்தின்போது மிலிட்டரி லாரி ஓட்டப் போனவன் அவன். திரும்பி வந்தபோது காக்கி அரை டிராயரும், எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கும் புத்தியும் கொண்டுவந்தான். யுத்தம் முடிந்து சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை, கப்பலில் ஏற்ற முடியாமல் விட்டுப்போன பழைய அமெரிக்கக் கார் எப்படியோ அவன் கைக்கு வந்தது. மேல்கூரையை மடித்துவிட்டால் திறந்த வண்டி. கல்யாண ஊர்வலத்துக்கு அதைவிடத் தோதான வண்டி ராயபுரத்தில் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

ஆனால் வண்டிக்கு மூச்சிரைப்பு. வண்ணாரப்பேட்டையிலிருந்து எங்கள் பக்கம் வர ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம் ஏற வேண்டும். அந்த மேட்டில் வண்டி இருமிக்கொண்டே ஏறும், சில நாள் ஏறாது. மாப்பிள்ளை அழைப்போ மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் தொடங்கி, அந்தப் பாலம் ஏறி, கல்மண்டபத்துச் சத்திரத்துக்கு வர வேண்டும்.

"நான் ஒருத்தன் குந்தினு போனாலே இருமுது. மாப்ளயோட ஒரு வண்டிப் பசங்க ஏறினா பாதி மேட்டுல நின்னுடும். அப்ப இன்னா பண்றது? மாப்ளய எறங்கித் தள்ளச் சொல்றதா?" என்று அம்மாவிடம் கத்தினான்.

அம்மா பயந்துபோனாள். "அய்யோ, வாணாண்டா. இன்னா செய்வியோ, செய்யி."

அவன் செய்ததுதான் டப்பா வேலை. ஏர் கிளீனர் என்பான். என்ஜின் மூச்சு விடுவது அந்த டப்பா வழியாகத்தான். விளிம்பில் ஒரு சின்ன இடுக்கு. காற்று அதில் நுழைந்து, அடியில் ஊற்றியிருக்கும் எண்ணெய்மேல் மோதித் தூசியை விட்டுவிட்டு, கம்பிச் சல்லடை வழியாக என்ஜினுக்குள் போக வேண்டும். எங்கள் ஊர்க் காற்றுக்கு அது வேண்டியதுதான். ஹார்பரிலிருந்து கரித்தூள் வரும், கடலோரத்திலிருந்து மணலும் உப்பும் வரும், காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஆனால் அண்ணனுக்கு அந்த இடுக்கு பிடிக்கவில்லை.

"ஒரு மூக்க அட்ச்சிக்கினு ஓட்றா பாப்போம்னா எவனால ஓட முடியும்? இத்தத் தொறந்து வுட்டா வண்டி பறக்கும் மே" என்று என்னிடம் சொன்னான்.

டப்பாவைக் கழற்றினான். ஆணியால் கோடு கிழித்து, உளியும் தகரக் கத்திரியும் வைத்து அதன் விலாவைச் சுற்றி ஜன்னல் ஜன்னலாக வெட்டினான். விளிம்பை அரத்தால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கினான். வேலையில் குறை சொல்ல முடியாது, கோயில் தூக்கு விளக்கு மாதிரி அழகாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த கம்பிச் சல்லடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கிழிந்த பருத்தி வலையை மடித்துத் திணித்தான். "மீனே மாட்டுது, தூசி மாட்டாதா?" என்று அவனே சொல்லி அவனே சிரித்தான்.

அந்த வலை எண்ணெயில் ஊறியிருந்தால்தான் தூசி ஒட்டும். என்ஜின் ஆயில் ஊற்றிப் பார்த்தான். வெட்டிய ஜன்னல் வழியாக அது சிதறி, வலை இரண்டு நாளில் காய்ந்துபோனது. அப்போதுதான் மூலையில் இருந்த பானை அவன் கண்ணில் பட்டது. அம்மா காய்ச்சி வைத்திருந்த சுறா எண்ணெய். கூடையோடு சேர்த்து அந்தத் தொழிலையும் விட்டதால் வாங்க ஆளில்லாமல் அப்படியே கிடந்தது. அண்ணன் விரலை விட்டுப் பார்த்தான். பசை மாதிரி இழுத்தது. "என்ஜின் ஆயிலுக்கு இது அப்பன்" என்றான். டப்பாவிலும் வலையிலும் தாராளமாக ஊற்றினான்.

குப்பத்தில் ஒருவராவது "இன்னாடா நாறுது" என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை. அம்மா வண்டியைச் சுற்றிவந்து கண்ணேறு கழித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். வலை திணித்ததை மெச்சினார்கள். ஒருவர் மூக்குக்கும் எட்டவில்லை. எட்டாதுதானே. மீனுக்குத் தண்ணீர் நாறுமா?

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அண்ணன் என்னை ஏற்றிக்கொண்டு எண்ணூர் வரை போனான். சும்மா சொல்லக்கூடாது, வண்டி போனது. திருவொற்றியூர் தாண்டினதும் மிதித்தான் பாருங்கள், அந்த டப்பா சிங்கம் மாதிரி உறுமியது. உப்பளம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் நாங்கள். பின்னல் அவிழ்ந்து என் கூந்தல் முகத்தில் அடித்தது. அண்ணன் திரும்பிப் பார்த்து, "எப்டி?" என்றான். "ஜோரு!" என்று கத்தினேன். நான் சந்தோஷமாக இருந்த ஒரு சாயங்காலத்தைச் சொல் என்றால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அந்த வேகத்தில் வாசனை எங்கே நிற்கும்? அது எங்களுக்குப் பின்னால் ரோட்டில் விழுந்துகொண்டே வந்திருக்கும்.

வேகத்துக்காக வண்டியைத் தயார் செய்தவன், அது போகப்போவது என்ன வேகத்தில் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கென்று ஒரு நடை உண்டு. முன்னால் மேளம். நாதஸ்வரக்காரர் தெருமுனையில் நின்று ஒரு ராகத்தை எடுத்தால், அவர் முடிக்கும்வரை கார் நிற்க வேண்டும். அவர் நகர்ந்தால் நகர வேண்டும். மாட்டு வண்டி அதைவிட வேகமாகப் போகும். ராயபுரத்தில் எத்தனையோ மாப்பிள்ளைகளை வாடகைக்கு அப்படி ஏற்றிப்போனவன்தான் அவன். இருந்தும் பாலத்தைத் தவிர வேறெதுவும் அவன் புத்தியில் இல்லை.

அன்று நடந்ததில் பாதியை நான் சத்திரத்து மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். மீதியை அண்ணன் சொல்லித் தெரியும். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

பாலத்தை வண்டி ஒரே மூச்சில் ஏறியதாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகம் மலரும். மாப்பிள்ளையும் அவருடைய அக்கா பிள்ளைகளும் வண்டி நிறைய இருந்தும், இருமல் இல்லை, திணறல் இல்லை. மாப்பிள்ளைகூட "வண்டி ஜோராப் போவுது மச்சான்" என்றாராம். பாலம் இறங்கியதும் சமதரை. சமதரையில் வந்தது வினை. பானெட் முழுக்கப் பூச்சரம் சுற்றியிருந்ததால் சூடு வெளியேற வழியில்லை. முனைக்கு முனை நாதஸ்வரம். என்ஜின் நின்ற இடத்திலேயே ஓடி ஓடிக் கொதித்தது. டப்பாவிலிருந்த சுறா எண்ணெய் இளகி ஜன்னல் வழியாக வழிந்து, கொதிக்கும் இரும்பின்மேல் சொட்டியது. புகை கிளம்பியது. என்ஜின் காற்றாடி அந்தப் புகையை அப்படியே பின்னால் தள்ளி, திறந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் மூஞ்சியில் அடித்தது.

முதலில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். அப்புறம் வேடிக்கை பார்த்தவர்களில் எவனோ கத்தினான். "இன்னா நைனா, மாப்ள வண்டியா, கருவாட்டு வண்டியா?" தெருவே சிரித்தது. அண்ணன் மட்டும் இன்னும் புரியாமல், புகையைப் பார்த்து, என்ஜின் அடைத்துக்கொண்டது என்று நினைத்து ஓங்கி மிதித்தான். டமார் என்று ஒரு வெடி. டப்பாவின் எல்லா ஜன்னலிலும் நெருப்பு எட்டிப் பார்த்தது. ஊறிக் கிடந்த வலை பற்றிக்கொண்டது. அண்ணன் குதித்து, தோளில் இருந்த புதுத் துண்டைப் போட்டு, தெரு மண்ணை வாரி இறைத்து அணைத்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுறா எண்ணெய் வெறுமனே இருப்பது வேறு, எரிவது வேறு. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வண்டிக் கதவில் சாய்ந்து குடல் வெளியே வர வாந்தி எடுத்தார்.

நான் மாடியிலிருந்து பார்த்தபோது பெட்ரோமாக்ஸ் விளக்குகள் முதலில் வந்தன. பின்னால் மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து வந்தார். மேளம் ஓய்ந்திருந்தது. ரொம்பத் தூரம் தள்ளி, எங்கள் குப்பத்து ஆட்கள் பூவோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையைத் தள்ள வைக்காமல் இருக்கத்தானே அத்தனை பாடும்? அதில் மட்டும் அண்ணன் ஜெயித்துவிட்டான்.

அம்மா தாலி இழந்தவள் என்பதால் ஆரத்தித் தட்டின் பக்கமே வரவில்லை. சமையல்கட்டு வாசலில் ஓரமாக நின்றிருந்தாள். என் மாமியார் சத்திரம் முழுக்கத் தாண்டி நேரே அவளிடம் போனாள். வண்டியை ஓட்டியவனிடம் போகவில்லை. டப்பாவை வெட்டியவனிடம் போகவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது பழமொழி மட்டும் இல்லை, நான் கண்ணால் பார்த்தேன். மாடிப்படியில் நின்று பார்த்தேன்.

"எத்தினி சோப்பு போட்டாலும் போவாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மாமியார்.

"அது வண்டி சம்மந்தியம்மா. வண்டில எதுவோ..."

"வண்டி யாரு வூட்டுது?"

அம்மா வெடித்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அந்தக் கைகளில் புளி வாசனைதான் இருந்தது. அதை யாராவது ஒருமுறை முகர்ந்து பார்த்திருக்கலாம்.

"முகூர்த்தம் வெச்சாச்சி. நாலு பேருக்குச் சொல்லியாச்சி. கல்யாணத்த நிறுத்த மாட்டோம்" என்று மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பொண்ணு வரட்டும். பொண்ணு வூட்டாளுங்க யாரும் எங்க வாசப்படி ஏற வோணாம்."

மறுநாள் காலை எனக்குத் தாலி ஏறியது. அம்மா தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.

அதற்கப்புறம் அம்மாவை நான் பார்த்தது என் புகுந்த வீட்டுத் தெருமுனைக் குழாயடியில். குடத்தை எடுத்துக்கொண்டு நான் போவேன். அவள் எதிர்ப்பக்கத்து மரத்தடியில் நிற்பாள். குடம் நிறையும் நேரம் எங்களுக்குச் சொந்தம். முதல் சில மாதங்கள் வெறுங்கையோடு வந்தாள். அப்புறம் ஒருநாள் கூடையோடு வந்தாள். "சும்மா குந்திக்கினு இன்னா பண்றது? எப்டியும் உள்ள வுடப் போறதில்ல" என்றாள். இறக்கிய கூடையை மறுபடி தூக்கும்போது அது முன்னைவிடக் கனமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை.

என் கணவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்லவர் என்று ஊரார் சொல்வார்கள். வாயைத் திறக்காத ஆண்பிள்ளை எல்லாம் நல்லவன் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணமான வருஷமே அவருக்கும் அண்ணனுக்கும் ராசியாகிவிட்டது. சமாதானம் செய்துவைத்தது அந்த டப்பாதான். அண்ணன் அதைக் கழற்றி, கிரசினில் ஊறவைத்து, சலவை சோடா போட்டுக் கொதிக்கவைத்து, வலையை எறிந்துவிட்டுக் கம்பிச் சல்லடையைத் திரும்பவும் வைத்து, முறையாக என்ஜின் ஆயில் ஊற்றினான். ஜன்னல்களை மட்டும் மூடவில்லை. "ஒரு தபா வந்து பாரு மாப்ளே" என்று வாசலில் நின்று ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். இவர் போனார். எண்ணூர் வரை போய்வந்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். "அந்த ஏர் கிளீனர்ல கீது பாரு விஷயம்" என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். எனக்கே.

அப்புறம் அண்ணன் வீட்டுக்குள்ளேயே வர ஆரம்பித்தான். பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தான். "ஆம்பளப் புள்ள, வந்துட்டுப் போனா இன்னா" என்றாள் மாமியார். கொஞ்ச நாளில் அவளே அந்த வண்டியில் ஏறினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் கோயிலுக்கு அண்ணன்தான் அவளைக் கூட்டிப்போவான். அவள் மகனை வாந்தி எடுக்கவைத்த வண்டி அது. கழுவினார்கள், நாற்றம் போய்விட்டது, மன்னித்துவிட்டார்கள். தகரத்துக்கு ஒரு நியாயம், தாய்க்கு ஒரு நியாயம்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஒருநாள் நேராகவே கேட்டேன். "அத்தே, அம்மாவும் ஒரு நாளு வந்துட்டுப் போட்டுமே."

"வரலாம்மா, நான் வோணான்னா சொல்றேன்? ஆனா அவுங்கதான் மறுபடி கூடைய தூக்கிட்டாங்களே."

கூடையைத் தூக்கியதால் வரக் கூடாது. வரக் கூடாது என்றதால்தான் கூடையைத் தூக்கினாள். இதை அவளிடம் சொன்னேன். அவள் எனக்குத் திமிர் என்றாள். அண்ணனிடம் போய், நீயாவது பேசு, உன்னால் வந்ததுதானே என்று அழுதேன். அவன் தலையைச் சொறிந்தான். "நான் பேசினா கீறதும் கெட்டுப்பூடும் மே. பேஜாரு எதுக்கு?" என்றான். அப்புறம் அந்த எண்ணெய் ஏன் பற்றியது, அந்தப் பூச்சரம் மட்டும் இல்லாதிருந்தால் எப்படிப் பற்றியிருக்காது என்று சொல்ல ஆரம்பித்தான். பூக்கட்டியவன்தான் குற்றவாளி என்று முடித்தான்.

என் மகன் பிறந்து சவலையாக இருந்தான். டாக்டர் ஒரு சீசா எழுதிக் கொடுத்தார். சுறா ஈரல் எண்ணெய். மாமியார் அதை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, தினம் காலையில் குழந்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்பூன் வாயில் ஊற்றுவாள். "உடம்புக்கு நல்லதுடா ராஜா" என்பாள். அடுப்படியில் நின்று நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கு ஏதோ பிடித்துக்கொண்டது என்று விபூதி பூசினார்கள். அம்மாவிடம் குழாயடியில் சொன்னேன். "நல்லதுதான்டி, வுடாம குடுக்கச் சொல்லு" என்றாள் அவள். பேரனை அவள் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நானும் போனேன். அண்ணன் ஓட்ட, முன்னால் என் கணவர். பின்னால் நானும் மாமியாரும், அவள் மடியில் குழந்தை. கல்மண்டபம் திரும்பும் இடத்தில் ரோடு குறுகல். எதிரே ஒரு மீன்காரி கூடையோடு வந்துகொண்டிருந்தாள். நடை பார்த்ததும் அம்மா என்று தெரிந்துவிட்டது. அண்ணனுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. நிறுத்துவான் என்று நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன். அவன் ஹாரன் அடித்தான்.

அம்மா ஒதுங்கி, சாக்கடை ஓரமாக நின்றாள். நாங்கள் தாண்டும்போது ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்கள் குழந்தைமேல் இருந்தன. மாமியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் மிதித்தான், டப்பா உறுமியது. நான் திரும்பிப் பார்த்தபோது புழுதியில் அவள் தெரியவில்லை.

மறுநாள் குழாயடியில் கேட்டேன். "ஏம்மா நேத்து எங்களப் பாத்து மூக்கப் பொத்திக்கின?"

"பெட்ரோல் நாத்தம்டி" என்றாள் அம்மா. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. "கொமட்டிக்கினு வந்துது. எப்டித்தான் அதுல குந்திக்கினு போறீங்களோ நீங்கல்லாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீங்கள் எல்லாம் என்று அவள் சொன்னதில் நானும் இருந்தேன். நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் கூடையைத் தூக்கக் குனிந்தாள். தூக்கிவிட நான் கை கொடுத்தேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

"வாணாண்டி. கையில ஒட்டிக்கும். வூட்ல திட்டுவாங்க."